எஞ்சின் தவணை

சென்னை
24.11.2023

அன்பின் மேர்சிக்கு,

மாதாவின் காவலில் நீரும் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். நானும் என்னோடு தொழிலுக்கு வந்த ஜோர்ஜும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி நீர் ஆறுதலாக இருந்து வாசிக்கலாம்.

அன்று வலையை இழுத்து முடித்துக் கரைக்குத் திரும்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது. எண்ணெய்க்குள் தண்ணீர். ஜோர்ஜ் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தான். நான் கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கைத் தோல் போனதுதான் மிச்சம். காற்றும் நீரோட்டமும் மேற்கே கொண்டுபோய்விட்டன. விடிந்தபோது இந்தியாவின் காவல் கப்பல் பக்கத்தில் நின்றது. எல்லை தாண்டிவிட்டோம் என்று வழக்கு. இப்போது சென்னையில் சிறையில் இருக்கிறோம். யாரும் அடிக்கவில்லை. சாப்பாடு தருகிறார்கள். இங்கே வருகிற பாதர் ஒருவர்தான் தாளும் முத்திரையும் தந்தார்.

வள்ளத்தைத் துறைமுகத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். வழக்கு முடிந்ததும் கிடைக்கும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

கடன்காரர் வரத் தொடங்கியிருப்பார்கள். கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடனுக்குக் கொஞ்சம் தவணை கேளும். மீன் எடுக்கிற சம்மாட்டியாரிடம் வாங்கிய முற்பணத்துக்கு அவர் பொறுப்பார். ஆனால் எஞ்சின் கொம்பனிக்கு மட்டும் ஒரு மாதமும் பிந்த வேண்டாம். பிந்தினால் வள்ளம் வந்ததும் எஞ்சினைத் தூக்கிவிடுவார்கள். எஞ்சின் இல்லாத வள்ளத்தோடு வந்து நான் என்ன செய்ய?

எங்கள் கடன் விபரம் ஊருக்குள் ஒருவருக்கும் தெரிய வேண்டாம். ஜெனிற்றாவைப் பயப்படாமல் படிக்கச் சொல்லும்.

உம்முடைய
அன்ரனிதாஸ்

*

மெலிஞ்சிமுனை
29.12.2023

அன்பான ஜெனிற்றாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் வந்தது. கடற்றொழில் திணைக்களத்தில் நீங்கள் உயிரோடு இருப்பதாகச் சொன்னார்கள்தான். ஆனாலும் உங்கள் எழுத்தைக் கண்ட பிறகுதான் நம்பினேன். நாங்கள் சுகம். கையில் காயம் ஆறிவிட்டதா? உப்புத் தண்ணீர் படாதபடியால் கெதியில் ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஃபோனில் என்னைப் பிடிக்கப் பார்க்க வேண்டாம். விடியத் தொடங்கினால் லோன்காரர்தான். சிம்மைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிட்டேன்.

பெண்கள் குழுவில் எடுத்த கிழமைக் கடனுக்கு ஒரு புதுப் பெடியன் வருகிறான், றஜீபன் என்று பெயர். நத்தாருக்கு முந்திய புதன்கிழமை காலையில் வந்து கதிரையில் இருந்தவன், மத்தியானமாகியும் எழும்பவில்லை.

"அக்கா, காசு வாங்காமல் என்னாலை எழும்ப ஏலாது. மனேச்சர் என்னைத்தான் பேசுவார்."

"இரும் தம்பி. அந்தக் கதிரை ஒண்டுதான் கடனுக்கு வாங்காதது," என்று சொன்னேன்.

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜெனிற்றா பள்ளிக்கூடத்தால் வந்து, அவன் இருக்கிறபடியால் சாப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு குசினிக்குள் நின்றாள். பிறகு அவனுக்கும் ஒரு கோப்பை சோறு போட்டேன். தலையைக் குனிந்து சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்தும் எழும்பவில்லை. பொழுதுபட செபஸ்தியம்மாக்கா வந்து என்னுடைய தவணையைக் கட்டினா. குழுவில் எனக்காகக் கையெழுத்து வைத்தவ அவதானே. நான் கட்டாவிட்டால் அவவின் தலையில்தான் விழும். தனிமனுஷி. கோழி முட்டை வித்த காசு அது.

ஆகவே ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நீங்கள் எழுதியது நடக்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் எல்லாருக்கும் தெரியும்தானே.

எஞ்சின் தவணை கட்டிவிட்டேன். எப்படி என்று கேட்க வேண்டாம்.

உங்கள்
மேர்சி

*

சென்னை
11.02.2024

அன்பின் மேர்சிக்கு,

கடிதம் கிடைத்தது. பாதர் கொண்டுவந்து தந்தார். ஜோர்ஜுக்கும் வாசித்துக் காட்டினேன், கதிரைக் கதைக்குச் சிரித்தான்.

செபஸ்தியம்மாக்காவுக்கு நான் வந்து கொடுப்பேன் என்று சொல்லும். கை ஆறிவிட்டது. வழக்குத் தவணை பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. ஒருநாள் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வள்ளத்தைத் தூரத்தில் கண்டேன். முன்பக்க அணியத்தில் நீர் கட்டிய மாதா படம் அப்படியே இருந்தது.

தாலிக்கொடியில் கைவைத்துவிட்டீரோ? அதைத்தான் கேட்கப் பயமாயிருக்கிறது.

பிள்ளை எப்படிப் படிக்கிறாள்?

அன்ரனிதாஸ்

*

மெலிஞ்சிமுனை
20.03.2024

அன்பான ஜெனிற்றாவின் அப்பாவுக்கு,

தவக்காலம் நடக்கிறது. கோயிலில் உங்களுக்கும் ஜோர்ஜுக்குமாகப் பூசை வைத்தோம். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை.

ஒரு பெரிய விசயம் எழுத வேண்டும். ஊர்காவற்றுறைக் கூட்டுறவுச் சங்கத்தில் நாகபூசணி என்று ஒரு அக்கா வேலை செய்கிறா. நயினாதீவு ஆள், ஒவ்வொரு நாளும் படகில் வந்து போகிறா. கடனில் மாட்டுப்பட்ட பெண்களுக்கு அவ ஒரு ஒழுங்கு செய்து கொடுக்கிறா என்று செபஸ்தியம்மாக்காதான் என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. நான் வாசலில் நின்றுகொண்டு உள்ளே போகமாட்டேன் என்று அழுதேன்.

அவ என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "எல்லாத்தையும் சொல்லும் மேர்சி. ஒண்டை ஒளிச்சாலும் இந்த ஒழுங்கு நிக்காது," என்றா. கிழமைக் கடன் இரண்டு, எஞ்சின், சம்மாட்டியாரின் முற்பணம், அடகுக்கடையில் கிடக்கிற தாலிக்கொடி. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவ ஒரு கொப்பியில் எழுதினா. பிறகு மாதம் உண்மையில் எவ்வளவு என்னால் கட்ட முடியும் என்று கேட்டா. அரிசி, விளக்கு, பள்ளிக்கூடம் எல்லாம் கழித்துத்தான் கணக்குப் பார்த்தா. "சாப்பாட்டைக் கழிக்காமல் ஆருக்கும் காசு குடுக்கக் கூடாது" என்பது அவவின் சட்டம்.

இனி நான் சங்கத்தில் மாதம் ஒரு தொகை கட்டினால் அவர்கள் பிரித்து எல்லாருக்கும் கொடுப்பார்கள். வட்டியை நிறுத்தச் சொல்லிக் கடன்காரர் எல்லாருக்கும் சங்கத்தின் பெயரில் எழுதினா. சம்மாட்டியார் உடனே சம்மதித்தார். கிழமைக் கடன் கொடுத்த இரண்டு கொம்பனியில் ஒன்று சம்மதித்தது, மற்றது இன்னும் இல்லை. இனிப் புதுக்கடன் எடுக்கக் கூடாது, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒளிக்கக் கூடாது. கதவைத் திறந்து வைத்து, சங்கத்தோடு கதையுங்கோ என்று சொல்ல வேண்டும். முதல்தரம் அப்படிச் சொன்னபோது என்னுடைய குரல் எனக்கே கேட்கவில்லை.

எஞ்சினை மட்டும் நான் இந்த ஒழுங்குக்குள் சேர்க்கவில்லை. அதற்கு முழுத் தவணையும் தனியாகக் கட்டுகிறேன். நாகபூசணி அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "கண்ணுக்கு முன்னாலை இல்லாத சாமானுக்கு இப்பிடி முழுக் காசு கட்டிக்கொண்டிருக்கிறது சரியில்லை," என்று சொன்னா. "அவர் சொன்னவர் அக்கா, அவர் வந்தால் தொழிலுக்குப் போக வேணும்," என்றேன். அதற்குமேல் அவ வற்புறுத்தவில்லை.

வழக்கு என்ன மாதிரி? வள்ளத்தை எப்போது விடுவார்களாம்? கட்டாயம் எழுதுங்கள்.

ஜெனிற்றா சுகம்.

மேர்சி

*

சென்னை
14.05.2024

அன்பின் மேர்சிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயில் சொல்ல ஏலாது. சுவரில் கை வைத்தால் சுடுகிறது.

நீர் செய்த காரியத்தை நினைக்கப் பெருமையாக இருக்கிறது. நான் இருந்திருந்தால் அந்தச் சங்க வாசலுக்கே போகவிட்டிருக்க மாட்டேன். வீட்டு மானம் போகிறது என்று சத்தம் போட்டிருப்பேன். நாகபூசணி அக்காவுக்கு என்னுடைய வணக்கத்தைச் சொல்லும்.

இங்கே எங்களுக்குக் காகிதப் பை ஒட்டப் பழக்குகிறார்கள். ஜோர்ஜ் நன்றாக ஒட்டுகிறான். எனக்கு விரல் வளையவில்லை. போன மாதம் வழக்கில் கூப்பிட்டார்கள். இன்னும் சில மாதம் இருக்க வேண்டுமாம். ஜோர்ஜ் கூலிக்கு வந்தவன் என்றபடியால் அவனை முதலில் விடுவார்கள் போலிருக்கிறது.

உம்முடைய மீன்சொதியை நினைத்துக்கொண்டு இங்கத்தைச் சோற்றைச் சாப்பிடுகிறேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

அன்ரனிதாஸ்

*

மெலிஞ்சிமுனை
23.06.2024

அன்புள்ள அப்பா,

எப்படி இருக்கிறீங்கள்? அம்மாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். அம்மா எழுதுகிற கடிதங்களில் என்னைப் பற்றி ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். அதுதான் நானே எழுதுகிறேன்.

நான் தை மாதத்தில் இருந்து பள்ளிக்கூடம் போவதில்லை அப்பா. நண்டுக் கொம்பனிக்குப் போகிறேன். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. காலையில் வான் வந்து ஏற்றும். அம்மாவும் வருகிறவ. அம்மா என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்கச் சொல்லவில்லை, நானாகத்தான் நின்றேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என்னுடைய தலையை இழுத்துக் கட்டி, தொப்பியைப் போட்டுவிட்டு, "ஓடுகளிலை கையை வெட்டிப்போடாதை," என்று மட்டும் சொன்னா.

முதலில் மணம் கையைவிட்டுப் போகாமல் அழுதேன். இப்போது பழகிவிட்டது. மேசையில் என்னைவிடக் கெதியாக உடைக்கிறவர்கள் இரண்டு பேர்தான்.

என்னுடைய சம்பளம் அப்படியே எஞ்சின் தவணைக்குப் போகிறது. அம்மாவின் சம்பளத்தில்தான் மற்றக் கடனும் வீடும். நீங்கள் வந்து வள்ளத்தை இறக்கும்போது அந்த எஞ்சினில் கொஞ்சம் என்னுடையது, மறக்கக் கூடாது. என்னையும் ஒருநாள் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

அம்மாவைப் பேச வேண்டாம்.

உங்கள் மகள்
ஜெனிற்றா

*

சென்னை
19.07.2024

மேர்சிக்கு,

பிள்ளை எழுதியிருக்கிறாள். நீர் எழுதவில்லை.

யாரைக் கேட்டு அவளுடைய படிப்பை மறித்தீர்? தானாக நின்றதாக அவள் எழுதுகிறாள். பதினேழு வயதுப் பிள்ளை தானாக நின்றால் தாய் பார்த்துக்கொண்டிருப்பதா? நாங்கள் இரண்டு பேரும் படிக்கவில்லை, அவளாவது படிக்கட்டும் என்றுதானே நான் இராப்பகலாகக் கடலில் கிடந்தேன். ஆறு மாதமாக என்னிடம் மறைத்துவிட்டு "ஜெனிற்றா சுகம்" என்று எழுதியிருக்கிறீர்.

சிறையில் இருக்கிறவன் என்று என்னை ஒரு பொருட்டாக எண்ணவில்லைப் போல.

எஞ்சினுக்கு இனிக் கட்ட வேண்டாம். காரணம் வந்து சொல்கிறேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்.

அன்ரனிதாஸ்

*

சென்னை
22.09.2024

அன்பின் மேர்சிக்கு,

வைகாசியில் இருந்து உம்முடைய பதில் இல்லாமல் நான் எழுதுகிற மூன்றாவது கடிதம் இது. முன் இரண்டும் கிடைத்தனவா என்று தெரியவில்லை. சுகயீனம் ஏதுமோ? பாதர் வரும்போதெல்லாம் அவருடைய பையைத்தான் பார்க்கிறேன். அவர் இப்போது என்னைக் கண்டதும் முதலே தலையை ஆட்டிவிடுகிறார்.

ஆடி மாதத்தில் எழுதிய கடிதத்தைக் கோபத்தில் எழுதினேன். அது உம்மில் உள்ள கோபமில்லை.

ஜோர்ஜை விட்டுவிட்டார்கள். ஊருக்கு வந்து சேர்ந்திருப்பான். வந்து கதைத்திருப்பான்.

மேர்சி, ஒரு வரி எழுதும். ஏசியாவது எழுதும்.

அன்ரனிதாஸ்

*

மெலிஞ்சிமுனை
27.10.2024

ஜெனிற்றாவின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் மூன்று கடிதமும் கிடைத்தன. எஞ்சினுக்குக் கட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள், காரணம் தெரியாதபடியால் நான் நிறுத்தவில்லை.

ஜோர்ஜ் வந்த அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்கு வந்தான். மெலிந்துபோயிருந்தான். தேத்தண்ணி கொடுத்தேன். ஜெனிற்றா வேலையால் வந்து உடுப்பு மாற்றாமலே அவனுக்கு முன்னால் வந்து இருந்தாள். "அப்பா எப்பிடி? வள்ளம் எப்பிடி?" என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

அவன் எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தான். "வள்ளத்தை அரசாங்கம் எடுத்திட்டுதே அக்கா. சித்திரையிலை தீர்ப்புச் சொன்னவங்கள். எஞ்சினும் அதோடை போச்சு. அண்ணை எழுதேல்லையோ?" என்று கேட்டான்.

நான் "ஓம், எழுதினவர்" என்று சொன்னேன். ஜோர்ஜுக்கு முன்னால் உங்களை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் ஜெனிற்றா என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டாள். எழும்பிக் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். அன்று சாப்பிடவில்லை. அடுத்தநாள் வான் வந்தது, வழமைபோல ஏறிப் போனாள்.

சித்திரையில் தீர்ப்பு. வைகாசியில் நீங்கள் எனக்கு எழுதினீர்கள், வெயிலைப் பற்றியும் காகிதப் பையைப் பற்றியும். பிள்ளை சுகம் என்று நான் எழுதியதும் இதுவும் ஒன்றா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. யோசித்து முடியாதபடியால்தான் எழுதவில்லை.

நாகபூசணி அக்காவிடம் போய்ச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்" என்று அவ சொல்லுவா என்று பயந்தேன். சொல்லவில்லை. எழும்பி மின்விசிறியை என்னுடைய பக்கம் திருப்பிவிட்டா. பிறகு திணைக்களத்தில் வள்ளம் போனதற்கு ஒரு உறுதிக் கடிதம் வாங்கிக்கொண்டு, இரண்டு பேருமாக யாழ்ப்பாணத்துக்கு எஞ்சின் கொம்பனிக்குப் போனோம். அங்கே ஒருவர் எங்களை நிற்க வைத்தே கதைத்தார். "எஞ்சின் இருந்தாலும் இல்லாட்டிலும் கடன் கடன்தான்," என்றார். அக்கா ஒரு கதிரையை இழுத்து என்னை இருத்திவிட்டு, "இவ ஒரு மாதமும் பிந்தாமல் கட்டினவ. அப்பிடிக் கட்டின ஆக்கள் உங்களிட்டை எத்தினை பேர் இருக்கினம்?" என்று கேட்டா. நாலு தரம் போய் வந்த பிறகு வட்டியை விட்டார்கள். முதல் தொகையை மட்டும் சங்கத்தின் ஒழுங்கோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட வேண்டும்.

ஆகவே இனி எஞ்சினுக்குத் தனித் தவணை இல்லை. வள்ளத்தைப் பற்றி இனி நான் கேட்கமாட்டேன்.

ஜெனிற்றாவின் வகுப்புப் பிள்ளைகள் வருகிற வருடம் உயர்தரச் சோதனை எடுக்கிறார்கள். அவர்கள் போகிற பஸ்ஸும் எங்கள் வானும் ஒரே நேரத்தில்தான் சந்தியில் நிற்கும். அவள் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

மேர்சி

*

நீர்கொழும்பு
16.01.2025

அன்பின் மேர்சிக்கு,

புதுவருடத்துக்கு முன்னரே என்னை விட்டுவிட்டார்கள். நீர் அறிந்திருப்பீர். உம்மையும் பிள்ளையையும் ஆண்டவர் காப்பாற்ற வேண்டும்.

கொழும்பில் இறங்கிய அன்றே யாழ்ப்பாணம் பஸ் ஏறினேன். யன்னல் பக்கத்தில் இடம் கிடைத்தது. வவுனியாவில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டினார்கள். எல்லாரும் திரும்ப ஏறினார்கள், எனக்குக் கால் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. கொஞ்ச நேரம் அந்தக் கடை வாங்கில் இருந்துவிட்டு, மறுபக்கம் போகிற பஸ்ஸில் ஏறி இங்கே வந்துவிட்டேன். துறைமுகத்தில் மீன் இறக்குகிற வேலை. தங்க இடமும் உண்டு.

தீர்ப்பன்று அதைக் கேட்டுவிட்டு வந்து, உமக்கு எழுத இருந்தேன். மாதா படம், எஞ்சின் எல்லாம் போய்விட்டது என்று எழுதினால் நீர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்தமுறை எழுதலாம் என்று வைத்தேன். அடுத்தமுறை பிள்ளையின் கடிதம் வந்துவிட்டது. அதன் பிறகு எழுத என்னிடம் கை இருக்கவில்லை.

என்ன முகத்தோடு வந்து அவளுக்கு முன்னால் நிற்க?

சங்கத்தின் பெயருக்குக் காசு அனுப்பியிருக்கிறேன். மாதாமாதம் அனுப்புவேன். கடன் முடிந்தபின் வருகிறேன். அதுவரை நான் இந்தியாவில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

அன்ரனிதாஸ்

*

மெலிஞ்சிமுனை
02.02.2025

இஞ்சாருங்கோ,

சுகமாக இருக்கிறீங்களா? மீன் இறக்கினால் உங்களுக்கு இடுப்பு வலிக்குமே. எண்ணெய் பூசுவதற்கு அங்கே யாராவது இருக்கிறார்களா?

நீங்கள் அனுப்பிய காசு கிடைத்ததாக நாகபூசணி அக்கா சொன்னா. அவவுக்கு நான் முழுக்கதையும் சொன்னேன். ஒன்றையும் ஒளிக்கக் கூடாது என்பது அவவின் சட்டம்தானே. இந்த ஒழுங்கு முடிய இன்னும் மூன்று வருடத்துக்குமேல் எடுக்கும். உங்கள் காசு வந்தாலும் இரண்டு வருடம் போகும். "கடன் முடிந்தபின் வருகிறேன்" என்று நீங்கள் எழுதியது அவ்வளவு காலம். தெரியாமல் எழுதியிருப்பீர்கள் என்று தெரிவிக்கிறேன்.

ஜெனிற்றாவிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்து என்னிடமே தந்தாள். "அப்பாவுக்கு என்னிலை கோபமோ?" என்று கேட்டாள். நீங்கள் அவளுக்கு வெட்கப்படுகிறீர்கள், அவள் தன்மேல் கோபமோ என்று நினைக்கிறாள். நான் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பேருக்கும் எப்படிச் சொல்ல? பள்ளிக்கூடத்துக்கு இனி அவள் போகமாட்டாள். வெளியில் இருந்து சோதனை எடுக்கலாம் என்று அதிபர் சொன்னார். புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்திருக்கிறாள். படிக்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

நான் உங்களை மன்னித்துவிட்டேனா என்று எழுதச் சொல்லிக் கேட்க வேண்டாம். சில நாள் நண்டு உடைத்துக்கொண்டிருக்கும்போது ஆத்திரம் வந்து ஓடு கையில் குத்தும். சில நாள் வவுனியாவில் வாங்கில் தனிய இருந்த உங்களை நினைத்துக் கண் மறைக்கும். இரண்டும் ஒரே நாளில் வருவதும் உண்டு. அதை நீங்கள் இங்கே இருந்தால்தான் தீர்க்கலாம். காசு அனுப்பித் தீர்க்கிற கடனில்லை அது.

நேற்று செபஸ்தியம்மாக்கா கோயிலால் வரும்போது வாசலில் நின்று, "என்ன பிள்ளை, தாஸ் வந்திட்டானாமெல்லே. ஆளைக் காணேல்லை?" என்று கேட்டா. அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஓம் அக்கா. வந்துகொண்டு இருக்கிறார்," என்று சொன்னேன்.

நான் இப்போது ஒருவருக்கும் பொய் சொல்வதில்லை. இதையும் பொய்யாக்கிவிடாதையுங்கோ.

மேர்சி